ஸ்டெல்லாவின் பெரட்டு

இந்த மாதம் முடிந்ததும் நான் இந்த வேலையிலிருந்து போகிறேன். நாலரை வருஷம். ஓய்வு பெறுகிற வயதில்லை, முப்பதுகூட ஆகவில்லை. என்றாலும் சிறைச்சாலையின் அந்த இரும்புக் கதவால் இனி உத்தியோகத்தனாக நுழையப் போவதில்லை. என் இடத்துக்கு வரப்போகிற உங்கள் மூன்று பேருக்கும் ஒரு விஷயத்தை எழுதி வைத்துவிட்டுப் போனால் மனசு கொஞ்சம் லேசாகும் என்று தோன்றியது.

எந்தப் படிவத்துக்கு எத்தனை பிரதி, யாரிடம் கையெழுத்து என்பதெல்லாம் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். தராவிட்டாலும் இரண்டு தடவை திருப்பி அனுப்பினால் தானாகவே பழகிவிடும். நான் எழுதுவது என்னுடைய ஒரு பிழையைப் பற்றி. கொழும்பிலிருந்தோ கண்டியிலிருந்தோ வந்த ஒருவர் அந்தப் பிழையைச் செய்திருக்க மாட்டார். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, வீட்டிலேயே முதலாவதாகப் படித்து, 'இந்தச் சனங்களை எனக்குத் தெரியும்' என்ற நம்பிக்கையோடு வந்த என் போன்ற ஆளால்தான் அதைச் செய்ய முடியும். உங்களில் இரண்டு பேர் தோட்டத்துப் பிள்ளைகள் என்று கேள்விப்பட்டேன். அதனால்தான் இவ்வளவும்.

பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

நான் செவ்வாயும் வெள்ளியும் சிறைச்சாலையின் பெண்கள் பகுதிக்குப் போவேன். அங்கே தமிழ் பேசுகிற உளவளத்துணையாளர் வேறு யாரும் இல்லை. ஆண் என்பதால் என் அறைக்கதவு எப்போதும் திறந்திருக்கும். வெளியே வாங்கில் ஒரு பெண் உத்தியோகத்தர் உட்கார்ந்திருப்பார். கைதிகள் தங்குவதற்கு இரண்டு ஹோல்கள். கீழ் ஹோலில் இளம் பெண்கள். மேல் ஹோலில் வயதானவர்களும் கைக்குழந்தையோடு இருப்பவர்களும். பகுதிக்குப் பொறுப்பானவர் ஒரு சிங்களப் பெண்மணி. எல்லோரும் அவரைப் 'பெரிய மிஸ்' என்போம். அவர் பேசுவது சிங்களத்தில், இங்கே தமிழில் எழுதுகிறேன்.

கீழ் ஹோலுக்கு வினோதினி வந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. டிக்கோயா பக்கத்துத் தோட்டம். உயர்தரம் வரை படித்துவிட்டுக் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்தவள். விரும்பிய பையன், "ஊருக்குப் போறப்ப இத என் அம்மாகிட்ட குடுத்துடு" என்று ஒரு பையைக் கொடுத்திருக்கிறான். கினிகத்தேனையில் பஸ்ஸை மறித்துச் சோதித்தபோது அந்தப் பைக்குள்ளே போதைப்பொருள் இருந்தது. அன்றோடு பையனின் போன் நின்றுவிட்டது. இப்படியான வழக்கில் பிணை கிடைக்க மாதக்கணக்காகும். அதுவரை விளக்கமறியல்தான்.

"அம்மா பாக்க வந்தாங்களா?" என்று முதல் சந்திப்பில் கேட்டேன்.

"வர மாட்டாங்க சேர். லயத்துல யார் மொகத்துலயும் முழிக்க ஏலலயாம். தங்கச்சியும் ஸ்கூலுக்குப் போறதில்லயாம். என்னாலதான்."

இதற்கு மேல் மூன்று கிழமை அவள் என்னிடம் எதுவும் பேசவில்லை. கேட்டதற்கு 'ம்', 'இல்ல', 'தெரியல'. நகத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை நோர்வூட் பஸ் வழக்கத்துக்கு மாறாக நேரத்தோடு வந்துவிட்டதால், நானும் நேரத்தோடு போய்ச் சேர்ந்தேன். கீழ் ஹோலின் கம்பிக்கதவு வழியாக உள்ளே பார்த்தேன். ஏழெட்டுப் பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஸ்டெல்லா. அவளுக்கு இருபத்தேழு இருக்கும். நல்ல உயரம், கட்டைக்குரல். குடித்துவிட்டு வந்து அடித்த புருஷனின் மண்டையை உடைத்த வழக்கு. அந்தக் கதையை அவளே எல்லோருக்கும் சொல்லிச் சிரிக்க வைப்பாள் என்று கேள்வி.

"சந்தமாலி, காலைல நீ. சாப்பாடு வரைக்கும்."

சந்தமாலி கம்பளைப் பக்கத்துச் சிங்களப் பிள்ளை. "மட்ட எப்பா அக்கே" என்று சிணுங்கினாள். தனக்கு வேண்டாமாம், நேற்றும் அவள்தானாம்.

"எப்பாவாம் எப்பா! ஒங்கப்பனே வந்து கேட்டாலும் இன்னைக்கு காலைல நீதான். ஏய், நீ மத்தியானத்துக்கு. பொழுது சாஞ்சா நான். பெரட்டு முடிஞ்சிச்சு, கலைங்கடி!"

பெரட்டு என்றால் உங்களில் ஒருவருக்குத் தெரியாமலிருக்கலாம். தோட்டத்தில் காலையில் ஆட்களை நிறுத்தி, யாருக்கு எந்த மலை, எந்த வேலை என்று பிரித்துக் கொடுப்பது. என் அம்மா முப்பது வருஷம் அந்தப் பெரட்டில் நின்றவர். ஒரு கங்காணி இருந்தான். அவன் சொல்கிற பகிடிக்குச் சிரிக்காத பெண்களுக்கு வழுக்குப் பாறைப் பக்கம்தான் கொழுந்தெடுக்கக் கிடைக்கும். அம்மா சிரிக்க மாட்டார். மழைக்காலத்தில் முழங்காலில் சிராய்ப்பில்லாமல் அவர் வீடு வந்த நாள் குறைவு.

ஸ்டெல்லாவின் 'கலைங்கடி'யைக் கேட்டதும் எனக்கு அந்தக் கங்காணிதான் கண்ணுக்குள் வந்தான். சிறைக்குள்ளேயும் ஒரு பெரட்டு! தன் பங்குக்குக் கூட்டுவதையும் கழுவுவதையும் மற்றவர்கள் தலையில் கட்டுகிறாள் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

அன்றைக்கு முழுவதும் கண்ணில் பட்டதெல்லாம் அந்த முடிவுக்கே சாட்சி சொன்னது. காலைச் சாப்பாடு வந்தபோது ஸ்டெல்லா வினோதினியின் கையிலிருந்த தட்டை வாங்கிப் பாதிச் சோற்றைத் தன் தட்டில் கொட்டிக்கொண்டாள். வினோதினி பாத்ரூமுக்கு எழுந்தால் சந்தமாலியும் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போனாள். சுவரோரம் இருந்த வினோதினியின் பாயை இழுத்து நடுவில் போட்டிருந்தார்கள்.

பின்னேரம் வினோதினி என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். முதல் தடவையாக அவளே வாயைத் திறந்தாள்.

"சேர், ஒண்ணு கேட்டா செய்வீங்களா?"

"சொல்லு."

"ஸ்டெல்லாக்காவ மேல் ஹோலுக்கு மாத்த ஏலுமா? ஒரு நிமிசம் தனியா விட மாட்டேங்கிறாங்க. எங்க போனாலும் பின்னாலயே ஒரு ஆளு. என் சோத்துலயும் பாதிய எடுத்துக்குறாங்க."

"அடிச்சாங்களா?"

"இல்ல." கொஞ்சம் நின்று, "ஒரு நாளு அறைஞ்சாங்க" என்றாள்.

"ஏன்?"

"சும்மாதான்."

தம்பி, தங்கச்சிமாரே, அந்தச் 'சும்மாதான்' என்ற இடத்தில் நான் பேனாவை வைத்துவிட்டு இன்னொரு தடவை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. எனக்கு வேண்டிய பதில் அதற்கு முன்னமே கிடைத்துவிட்டது. மூன்று கிழமையாக வாய் திறக்காத பிள்ளை என்னை நம்பி ஒன்று கேட்கிறது என்ற சந்தோஷம் வேறு. அன்றைக்கே அறிக்கை எழுதினேன். 'ஏனைய பெண்களை அதிகாரம் செய்கிறார், உணவைப் பறிக்கிறார், தாக்கியுள்ளார்.' நல்ல தெளிவான தமிழ். சிங்களப் பிரதியும் நானே எழுதினேன்.

பெரிய மிஸ் அதை வாசித்துவிட்டு, "ஸ்டெல்லாவோடு பேசினீங்களா?" என்று கேட்டார்.

"தேவையில்ல மிஸ். இந்த மாதிரி ஆளுங்கள எனக்கு சின்ன வயசுலேயிருந்து தெரியும்."

அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். என்றாலும் அறிக்கை அறிக்கைதான். நான் புறப்படுவதற்கு முன்னமே ஸ்டெல்லா பாயையும் வாளியையும் தூக்கிக்கொண்டு மேல் ஹோலுக்குப் படியேறினாள். என்னைத் தாண்டும்போது நின்று, "நல்லா இருங்க சேர்" என்றாள். பிறகு கீழே திரும்பி, "பெரட்ட மட்டும் விட்றாதீங்கடி!" என்று கத்தினாள். போகும்போதும் திமிரைப் பார் என்று நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை வினோதினி வேறு ஆளாக வந்தாள். முகம் கழுவி, தலைவாரி, நிமிர்ந்து உட்கார்ந்தாள். சிரித்தாள்கூட.

"ரொம்ப நன்றி சேர். இப்ப நல்லா இருக்கு."

"சாப்பிடுறியா?"

"ம். ஒங்களுக்கு நெறய கரைச்சல் குடுத்துட்டேன். இனிமே குடுக்க மாட்டேன் சேர்."

நான் குறிப்பேட்டில் 'முன்னேற்றம் தெரிகிறது' என்று எழுதி, அதன் கீழே ஒரு கோடும் போட்டேன். அந்தப் பக்கம் இன்னும் அப்படியே இருக்கிறது. வேண்டுமானால் எடுத்துப் பாருங்கள்.

மூன்றரை மணிக்குப் பையை மாட்டிக்கொண்டு புறப்பட்டேன். கீழ் ஹோலைத் தாண்டும்போது கம்பிக்குள்ளிருந்து ஒரு கை என் சட்டையைப் பிடித்தது. சந்தமாலி. அவளுக்குத் தெரிந்த தமிழ் முழுக்க ஸ்டெல்லாவிடம் படித்தது.

"சேர், அந்த வினோதினி நங்கி காலைல எல்லா சாமானும் குடுத்துடுச்சு. சோப்பு அவளுக்கு. கம்பளிச் சட்டை இவளுக்கு. எனக்கு சீப்பு." சீப்பைத் தூக்கிக் காட்டினாள். பச்சை நிறம், இரண்டு பல் உடைந்தது. "ஏன் குடுக்குறதுன்னு கேட்டா சிரிக்குது. எனக்கு பயம் சேர்."

 சாகத் தீர்மானித்தவர்கள் சில வேளை திடீரென்று அமைதியாவார்கள், தங்கள் பொருட்களைப் பகிர்ந்து கொடுப்பார்கள் என்று பயிற்சியில் படித்திருக்கிறேன். பரீட்சையில் அதை எழுதி நல்ல புள்ளியும் வாங்கியிருக்கிறேன். அதே அமைதி கண்ணுக்கு முன்னால் வந்து நன்றி சொன்னபோது அடிக்கோடு போட்டிருக்கிறேன்.

"சந்தமாலி, நீ போயி அவ பக்கத்துல ஒக்காரு. நான் வர்ற வரைக்கும் எழும்பாத." வாங்கிலிருந்த உத்தியோகத்தரிடமும் ஹோலுக்குள்ளே போய் நிற்கச் சொன்னேன். பிறகு மேல் ஹோலுக்கு ஓடினேன். ஏன் நேரே பெரிய மிஸ்ஸிடம் போகவில்லை என்று கேட்பீர்கள். அந்த நேரத்தில் ஒன்று மட்டும் விளங்கியது. அந்தப் பிள்ளையைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. தெரிந்த ஒரு ஆளை நான்தான் மேலே அனுப்பியிருந்தேன்.

ஸ்டெல்லா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"என்னா சேர், மேலயும் கங்காணி வேல பாக்குறேனான்னு பாக்க வந்தீங்களா?"

"வினோதினி தன் சாமான் எல்லாத்தையும் குடுத்துட்டா."

முறம் நின்றது. "எப்ப?"

"இன்னைக்கு காலைல."

"இப்ப பக்கத்துல யாரு?"

"சந்தமாலி. மிஸ் ஒருத்தரும் நிக்கிறாங்க."

"அதாச்சும் செஞ்சீங்களே." முறத்தைக் கீழே வைத்தாள். "அந்தப் புள்ள வந்த மூணாம் நாளு என்கிட்ட என்னா சொன்னா தெரியுமா? 'நான் செத்துட்டா தங்கச்சி ஸ்கூலுக்கு போவா அக்கா'ன்னா. கோவத்துல அறைஞ்சிட்டேன். அறைஞ்சிட்டு நானும்தான் அழுதேன். அன்னையிலேர்ந்து ஆளு மாத்தி ஆளு பக்கத்துல இருக்கோம். அதுக்குத்தான் சேர் பெரட்டு. பின்ன என்னா, எனக்கு கக்கூசு கழுவி விடறதுக்குன்னா நெனச்சீங்க?"

 அதைத்தான் நினைத்திருந்தேன்.

"சோறு…"

"பூராவும் கொண்டு போயி கொட்டுவா. 'பாதிய எனக்கு குடு, மிச்சத்த என் முன்னுக்கு தின்னு'ன்னு பேரம் பேசி வச்சிருந்தேன். இப்ப நாலு நாளா என்னத்த தின்னாளோ."

"ஏன் ஸ்டெல்லா எங்ககிட்ட சொல்லல?"

"சொன்னா என்னா செய்வீங்க?"

"அறிக்கை…"

"ஆ. எழுதுவீங்க. எழுதினா தனி ரூம்ல போடுவாங்க. நான் வந்த புதுசுல ஒரு புள்ளய அப்படித்தான் போட்டாங்க, பத்திரமா இருக்கட்டும்னு. பத்திரமாத்தான் இருந்துச்சு. வெளிய வந்தப்ப யார்கூடவும் பேசாத புள்ளயா வந்துச்சு. இவளயும் அப்படிப் போட்டா முடிஞ்சிச்சு சேர். ஆளுங்களுக்கு நடுவுல வச்சாத்தான் இவ தாங்குவா. எனக்கு அவ்வளவுதான் தெரியும். நான் படிக்கல."

நான் படித்திருந்தேன்.

பெரிய மிஸ் மறுநாள் நீதிமன்றத்துக்குப் போகிறவர்களின் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவை மூடினார்.

"வெள்ளிக்கிழமை ஸ்டெல்லா கொடுமைக்காரின்னு எழுதித் தந்தீங்க. இன்னைக்கு செவ்வாய். அவள திருப்பிக் கொண்டு வாங்கன்னு சொல்றீங்க. மேலிடம் கேட்டா நான் எந்தக் கடதாசியக் காட்டறது?"

"ரெண்டையும் காட்டுங்க மிஸ். முதலாவது பிழைன்னு மூணாவதா ஒண்ணும் இப்பவே எழுதித் தர்றேன்."

"தற்கொலை எண்ணம் இருக்குன்னு எழுத்தில வந்தா தனி அறைக்கு மாத்தறதுதான் இங்க வழக்கம். எழுத்தில வராட்டி எனக்குத் தெரியாது."

அதாவது, எழுதாமல் விட்டுவிடு என்று ஒரு கதவைத் திறந்து காட்டினார். கெட்ட எண்ணத்தில் அல்ல. எழுதாமல் ஸ்டெல்லாவை மட்டும் சத்தமில்லாமல் கீழே கொண்டுவந்தால் எல்லாம் சுலபம். என் பிழையும் வெளியே வராது. ஆனால் எழுதாவிட்டால் டொக்டர் வர மாட்டார். ஏழெட்டுப் பெண்கள் மருந்தில்லாமல், யாருக்கும் தெரியாமல், ஒரு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும். ஒரு நாள் கை தளர்ந்தால் பழியும் அவர்கள் மேல்தான் விழும். எழுதினால் தனி அறை. சுவரில் மணிக்கூட்டைப் பார்த்தேன். நாலாக ஐந்து நிமிஷம்.

"எழுதறேன் மிஸ். ஆபத்து இருக்குன்னு எழுதறேன். தனியா வச்சா அந்த ஆபத்து கூடும்னும், ஏன்னும் எழுதறேன். நாளைக்கு காலைல டொக்டர் பாக்கிற வரைக்கும் ஸ்டெல்லா பக்கத்துல இருக்கட்டும், ஒரு உத்தியோகத்தரும் ஹோல்ல இருக்கட்டும்னு என் பேர்ல சிபாரிசு பண்றேன். நானும் இன்னைக்கு பூட்டுற நேரம் வரைக்கும் இருக்கேன்."

"பிழையாப் போனா?"

"கடதாசியில நம்ம ரெண்டு பேரோட பேரும் இருக்கும் மிஸ்."

"ஒங்க பேரு முதல்ல இருக்கட்டும்" என்றார். பட்டியலைத் தள்ளி வைத்துவிட்டு எனக்கு ஒரு வெள்ளைத் தாளை எடுத்துத் தந்தார்.

ஸ்டெல்லா பாயோடும் வாளியோடும் கீழ் ஹோலுக்குள் நுழைந்தாள். வினோதினி சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். சந்தமாலி அவள் தோளோடு தோளை முட்டுக்கொடுத்தபடி, எழும்பாதே என்று நான் சொன்னதை அச்சொட்டாகக் கடைப்பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி, ஊருக்கெல்லாம் சாமான் பங்கு வச்சியாமே. என் பங்கு எங்க?"

வினோதினி திரும்பவில்லை. "போங்கக்கா. ஒங்கள மாத்தச் சொன்னதே நான்தான்."

"தெரியும்டி. சேர் மொகத்துலயே ஒட்டியிருந்துச்சு." வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தாள்.

நான் கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்தேன். நேரே கேட்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டியதாகிவிடும் என்ற பயத்தில் அதுவரை யாரிடமும் நான் கேட்டதில்லை.

"வினோதினி, சாகணும்னு நெனைக்கிறியா?"

 யாரோ இருமலை விழுங்கினார்கள்.

"ஆமா சேர்."

"இன்னைக்கா?"

ஆமென்று தலையை ஆட்டினாள். நான்கு கிழமையில் அவள் எனக்குச் சொன்ன முதல் உண்மை. பிறகு அழத் தொடங்கினாள். சத்தமாக, மூக்கு வடிய. ஸ்டெல்லா தேற்றவில்லை. முந்தானையை நீட்டி, "இதுல சிந்து" என்றாள்.

அழுகைக்கு நடுவில் வினோதினி என்னைப் பார்த்துக் கேட்டாள்: "தனியா விடச் சொல்லி நான்தான் கேட்டேன். கேட்டதும் ஏன் சேர் ஒடனே குடுத்தீங்க?"

 உங்களிடம் ஒரு பிள்ளை 'என்னைத் தனியாக விடுங்கள்' என்று கேட்கும். அது நியாயமான கோரிக்கையாகவும் இருக்கும். கொடுங்கள், மறுக்கச் சொல்லவில்லை. ஆனால் எதற்காக என்று கேளுங்கள். பிறகு அவளைத் தனியாக விடாத ஆட்களிடமும் போய், எதற்காக விடவில்லை என்று கேளுங்கள். இரண்டு கேள்விதான். நான் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை.

மறுநாள் காலை டொக்டர் பார்த்தார். மாத்திரை தொடங்கினார், கிழமைக்கொரு தடவை கிளினிக் என்றார், தனியாக வைக்க வேண்டாம் என்று தன் கையெழுத்திலேயே எழுதிக் கொடுத்தார். ஸ்டெல்லாவுக்கு மாத்திரை பிடிக்கவில்லை. "நாங்க பாத்துக்கிட்டதுக்கு என்னா கொறச்சல்?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தாள்.

"ஒரு கொறயும் இல்ல. ஆனா ஒங்களுக்கும் தூக்கம் வேணுமே" என்றேன்.

கொஞ்சம் யோசித்தாள். "அது சரிதான். நான் மூணு கிழமையா ஒழுங்கா தூங்கல சேர்" என்றாள். அவளும் களைத்துப்போயிருந்தாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கூட இருக்கிறவர்கள் தாங்கிக்கொள்கிறார்கள் என்றால் அவர்களை யார் தாங்குவது என்று பார்க்க வேண்டியதும் நம் வேலைதான்.

பெரட்டு நிற்கவில்லை. பெரிய மிஸ் அதைத் தன் அலுமாரிக் கதவின் உள்பக்கத்தில் எழுதி ஒட்டி, உத்தியோகத்தர்களின் பெயரையும் சேர்த்துவிட்டார். ஒரு கிழமை கழித்து ஒரு காலையில் வினோதினியே எழும்பிப் போய் வரிசையில் நின்றிருக்கிறாள். "என்னப் பத்தித்தானே பெரட்டு போடுறீங்க, என்னக் கூப்புடாமலே?" என்று கேட்டாளாம். அன்றிலிருந்து அவளையும் சேர்த்துக்கொண்டுதான் பேசினார்கள். பாத்ரூமுக்குப் பின்னால் வரக்கூடாது, வெளியே நின்று பேச்சுக் கொடுத்தால் போதும் என்று வாதாடி வாங்கிக்கொண்டாள். சோற்றில் பாதி என்பது கால்வாசியாகக் குறைந்தது.

இன்னும் பத்து நாள் கழித்துச் சந்தமாலியிடம் போய், "சீப்பத் தா" என்று கேட்டிருக்கிறாள்.

"பே, தர ஏலாது. இப்ப என்ட சீப்பு" என்று சந்தமாலி தலைக்குள் செருகிக்கொண்டாளாம். ஹோலே இரண்டாகப் பிரிந்து அந்தச் சீப்புக்குச் சண்டை பிடித்தது. எனக்கு வந்த முறைப்பாடுகளிலேயே நான் சந்தோஷமாக வாசித்தது அதைத்தான்.

வினோதினியின் அம்மாவுக்கு நான் மூன்று தடவை போன் எடுத்தேன். முதல் இரண்டு தடவையும் வைத்துவிட்டார். மூன்றாவது தடவை, "ஒங்க மக நல்லா சாப்பிடறா, அத மட்டும் சொல்லத்தான் எடுத்தேன்" என்றேன்.  அடுத்த மாதம் வந்தார். சின்ன மகளைப் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடேயே கூட்டி வந்திருந்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் அந்தச் சட்டையைப் பார்த்துக்கொண்டே நின்ற வினோதினியை நான் தூரத்திலிருந்து பார்த்தேன். பக்கத்தில் போகவில்லை.

எல்லாம் நேராகிவிடவில்லை. நடுவில் இரண்டு தடவை பழையபடி வாய் மூடிக்கொண்டாள். ஒரு நீதிமன்றத் திகதி தள்ளிப்போனபோது மூன்று நாள் எழும்பவே இல்லை. ஆனால் அப்போதெல்லாம் யாரிடம் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஏழு மாதத்துக்குப் பிறகு பிணை கிடைத்தது. வழக்கு இன்னும் நடக்கிறது. நோர்வூட்டில் ஒரு கடையில் வேலை செய்துகொண்டு கிளினிக்குக்கும் ஒழுங்காகப் போகிறாள்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை வாசலில், கைதிகளைப் பார்க்க வந்தவர்களின் வரிசையில் அவள் நிற்பதைக் கண்டேன். ஸ்டெல்லாவின் வழக்கு இன்னும் முடியவில்லை. அவளைப் பார்க்க அதுவரை ஒருவரும் வந்ததில்லை. வினோதினியின் கையில் வாழையிலையும் கடதாசியும் சுற்றிய பெரிய பொட்டலம். வாசல் மேசையில் இருந்த உத்தியோகத்தர் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார்.

"என்ன இது? பன்னெண்டு ரொட்டி! இவ்வளவு சம்பல்! ஒரு ஆளுக்குத்தான் சாப்பாடு கொண்டு வரலாம், தெரியாதா?"

"தெரியும் மிஸ். ஒரு ஆளுக்குத்தான் கொண்டாந்தேன்" என்றாள் வினோதினி. "அவங்க தனியா சாப்புட மாட்டாங்க."

உத்தியோகத்தர் அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பன்னிரண்டு ரொட்டியையும் ஒவ்வொன்றாகப் பிட்டுச் சோதித்து, திரும்பவும் இலையில் அடுக்கி, உள்ளே அனுப்பி வைத்தார்.